வெள்ளைப் பொடி தயார், வெளிச்சம் எங்கே?

பெயிண்ட் அடித்து நாலைந்து கோடை கண்ட வெளிச்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு நகர்ந்தால் சட்டையில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும். மட்டமான பெயிண்ட் என்று கடைக்காரரைத் திட்டுவோம், அந்தத் திட்டு பாதி நியாயம்தான். பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடி. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் இந்தப் பொடி சும்மா இருக்காது, தன்னைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பசையையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பசை போனதும் பொடி உதிர்கிறது. நல்ல கம்பெனிகள் இதைத் தடுக்க ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா என்று மெல்லிசாக ஒரு மேல்பூச்சு கொடுக்கின்றன. பெயிண்ட்காரர்களுக்கு இது தலைவலி. ஆனால் பசையைத் தின்கிற பொடி தண்ணீரில் கரைந்த மருந்தையும் தின்னாதா என்று யோசித்தவர்களுக்கு இதுவே மூலதனம் ஆகிவிட்டது.

அந்த யோசனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "ஒளிவினையூக்கி மூலம் தண்ணீரிலிருந்து 98 சதவீத ஆன்டிபயாடிக் நீக்கம்" என்ற மாதிரியான செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒளிவினையூக்கி என்பது வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் இந்த மாதிரிப் பொடிதான். செய்தியில் பொய் இருக்காது. ஆனாலும் அந்தப் பொடி ஏன் இன்னும் எந்த ஆற்றங்கரைக்கும் வந்து சேரவில்லை என்பதை அந்தச் செய்தியை மட்டும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செரு. மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலைகள் நெருக்கமாக இருக்கும் ஊர். சுமார் 90 ஆலைகளின் கழிவுநீர் அங்கே ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நிலையத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வெளியேறும் தண்ணீரை ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோக்கிம் லார்சன் குழு எடுத்துப் பரிசோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்து மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. நம் ஊர் மருந்துக்கடையில் 'சிப்ரோ' என்று கேட்டால் கிடைக்குமே, அதே மாத்திரைதான். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒரு குடம் தண்ணீரில் கரைத்தால் என்ன அடர்த்தி வருமோ அது. அந்த மாத்திரையை நாம் விழுங்கினால் ரத்தத்தில் உச்சமாக லிட்டருக்கு இரண்டு, மூன்று மில்லிகிராம்தான் வரும், அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஓடைத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 45 கிலோ, மாத்திரைக் கணக்கில் 90,000. அன்றைக்கு 90 லட்சம் பேர் வாழ்ந்த ஸ்வீடன் முழுவதும் ஐந்து நாளில் சாப்பிடுகிற அளவு.

இன்னொரு சங்கதி உண்டு. அந்த நிலையத்தில் கழிவை உண்ணும் பாக்டீரியாக்கள் நன்றாக வளரட்டும் என்று ஆலைக் கழிவோடு வீட்டுச் சாக்கடையையும் கலந்தார்கள். சுத்திகரிப்புக்காரர் கண்ணில் இது நியாயமான வேலை, தனி ரசாயனக் கழிவில் பாக்டீரியா சரியாக வளராது. ஆனால் மனிதக் குடலிலிருந்து வரும் கிருமிகளையும் கனமான ஆன்டிபயாடிக்கையும் ஒரே தொட்டியில் போட்டு, காற்று ஊதி, இதமான சூட்டில் கலக்கினால் என்ன நடக்கும்? மருந்துக்கு மசியாத கிருமி மட்டும் பிழைத்துப் பெருகும். அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். கீழே ஆற்றுப் படுகையின் சேற்றில் இப்படிப்பட்ட மரபணுக்கள் குவிந்து கிடந்ததை அதே குழு பிறகு காட்டியது. மருந்துக்கு மசியாத பாக்டீரியா தொற்றுகள் நேரடியாக 2019-ல் மட்டும் உலகத்தில் 12.7 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின என்று லான்செட் இதழில் 2022-ல் வந்த கணக்கு சொல்கிறது. அத்தனையும் ஆற்றுத் தண்ணீரால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவமனையிலும் கோழிப்பண்ணையிலும் நம் வீட்டு அலமாரியிலும் பங்கு இருக்கிறது. ஆனால் ஆலைக்குழாய் மட்டும்தான் விலாசம் தெரிந்த எதிரி.

சரி, எவ்வளவு குறைந்தால் போதும்? எதிர்ப்புத்திறன் வளராமல் இருக்க சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு சுமார் 0.06 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2016-ல் லார்சனும் சக ஆய்வாளர் ஒருவரும் கணக்கிட்டார்கள். பட்டான்செருவில் இருந்ததோ 31,000 மைக்ரோகிராம். ஐந்து லட்சம் மடங்கு. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

இப்போது பொடிக்கு வருவோம். 1960-களின் கடைசியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, தண்ணீரில் மூழ்கிய டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினார், பாய்ச்சியதும் தண்ணீர் பிரிந்து குமிழி வந்தது. அவரும் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972-ல் அதை நேச்சர் இதழில் எழுதினார்கள், இந்தத் துறையே அந்தக் கட்டுரையிலிருந்துதான் கிளம்பியது. நடப்பது இதுதான். போதுமான ஆற்றல் உள்ள ஒளித்துகள் ஒன்று பொடியில் விழுந்தால் உள்ளே கட்டுண்டு கிடக்கும் ஒரு எலக்ட்ரான் எகிறி மேல்படிக்குப் போகும். அது இருந்த இடத்தில் ஒரு துளை. எலக்ட்ரான் வெளியே தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பிடித்து சூப்பர் ஆக்சைடு ஆக்கும், துளை தண்ணீரைப் பிடித்து ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்பை, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் துண்டை, உண்டாக்கும். இந்த ஹைட்ராக்சில் பொல்லாதது. எதிரே வந்த கரிமப் பொருள் எதுவானாலும் பாய்ந்து அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், அல்லது அதன் வளையத்திலேயே ஏறி உட்காரும். சிப்ரோஃப்ளாக்சசின் அகப்பட்டால் பெரும்பாலும் அதன் ஓரத்தில் தொங்கும் பைப்பரசின் வளையம் முதலில் உடையும், ஃப்ளோரின் கழன்று போகும், நடு வளையமும் பிளக்கும். விடாமல் தாக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சில உப்புகளும்தான் மிஞ்சும். பொடி செலவாவதில்லை. அதனால்தான் வினையூக்கி என்கிறோம்.

மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. குளச்சல் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிற மணலில் இருக்கும் இல்மனைட்டிலிருந்துதான் டைட்டானியம் எடுக்கிறார்கள். இந்த விஷயத்தில் பொடி ஒருபோதும் தடையாக இருந்ததில்லை என்பது என் கட்சி. தடை வெளிச்சம்தான். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பகுதி புதுப்புதுப் பொடி சுடுவதிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

ஏன் வெளிச்சம் என்கிறேன்? டைட்டானியம் டை ஆக்சைடின் அந்த மேல்படி உயரமானது, 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் இருந்தால்தான் எலக்ட்ரான் ஏறும், அதாவது புற ஊதா. நம் மேல் விழும் வெயிலில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு நான்கோ ஐந்தோ. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு பழைய டியூப்லைட் இழுக்கும் மின்சார அளவு. அதிலும் ஏறிப்போன எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்யாமல் நானோ நொடிகளிலேயே மறுபடி துளையில் வந்து விழுந்துவிடுகின்றன. வந்த கொஞ்ச வெளிச்சமும் சூடாகி வீணாகிறது.

இதைச் சமாளிக்கத்தான் மஞ்சள் பொடிகள் வந்தன. யூரியாவையோ மெலமினையோ மூடிய பாத்திரத்தில் 550 டிகிரி வாக்கில் சுட்டால் கிராஃபைட் வடிவ கார்பன் நைட்ரைடு கிடைக்கும். வயலுக்குப் போடும் யூரியாவேதான், அவ்வளவு மலிவு. படி உயரம் 2.7 என்பதால் நீல வெளிச்சத்திலேயே வேலை செய்யும். ஒளிவினையூக்கியாக இதற்கு மவுசு வந்தது 2009-க்குப் பிறகு. பிஸ்மத் வனடேட் இன்னும் தாழ்வு, 2.4. ஆனால் படியைத் தாழ்த்தினால் அங்கிருந்து குதிப்பவனின் வேகமும் குறையும் இல்லையா. கார்பன் நைட்ரைடின் துளைக்குத் தண்ணீரிலிருந்து நேராக ஹைட்ராக்சிலை உருவாக்கும் வலு கிடையாது, சூப்பர் ஆக்சைடு வழியாகச் சுற்றித்தான் வேலை நடக்க வேண்டும். அதனால் இரண்டு பொடிகளை ஒட்டுவது, ஒன்றின் எலக்ட்ரானை இன்னொன்றின் துளையோடு சேர்த்துவிட்டு வலுவான ஜோடியை மட்டும் காப்பாற்றுவது என்று கெட்டிக்கார வேலைகள் நடக்கின்றன. ரசாயனமாகப் பார்த்தால் அழகான வேலை, மறுக்கமாட்டேன்.

அப்புறம் அந்த 98 சதவீதம். ஆய்வகத்தில் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளியும். காய்ச்சி வடித்த தண்ணீர் 100 மில்லி, அதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் லிட்டருக்கு 10 அல்லது 20 மில்லிகிராம் கணக்கில், ஒரு சிட்டிகை பொடி, மேலே 300 வாட் செனான் விளக்கு, ஒரு மணி நேரம். இது மிக வழக்கமான அமைப்பு. கணக்குப் போடுங்கள்: 300 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட். 100 மில்லிக்கு 0.3 யூனிட் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 3,000 யூனிட். விளக்கின் வெளிச்சம் எல்லாம் பாத்திரத்துக்குள் போகவில்லை, பெரிதாகச் செய்தால் செலவு குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் எங்கிருந்து குறைய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்.

மின்சாரத்தை விட்டாலும் அந்தச் சதவீதத்திலேயே இரண்டு மூன்று சந்தேகம் கேட்கலாம். மருந்து உடைந்ததா, பொடியில் ஒட்டிக்கொண்டதா? இதற்காகத்தான் விளக்கைப் போடும் முன் அரை மணி நேரம் இருட்டில் கலக்கிவைத்து ஒட்டுவது எவ்வளவு என்று முதலில் அளப்பார்கள். அந்தப் பகுதியைக் கழிக்காமல் மொத்தத்தையும் 'நீக்கம்' என்று எழுதினால் படிப்பவர் ஏமாறுவார். பொடியே போடாமல் வெறும் வெளிச்சத்தில் எவ்வளவு உடைகிறது? டெட்ராசைக்ளினும் சிப்ரோவும் ஒளியில் தாமாகவே கெடக்கூடியவை, டாக்சிசைக்ளின் சாப்பிடுபவரை வெயிலில் அலையாதே என்று டாக்டர் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இந்த மூலக்கூறுகள் ஒளியை வாங்கிக்கொள்ளும் குணம்தான். கடைசியாக, மருந்து காணாமல் போனது என்றால் என்ன அர்த்தம்? கருவியின் வரைபடத்தில் அந்த மருந்துக்கான முகடு மறைந்தது என்பது வரைக்கும்தான். ஒரு மூலை உடைந்தாலே முகடு மறைந்துவிடும். ஆனால் பாதி வெட்டுப்பட்ட துண்டுகள் சிலவற்றுக்கு பாக்டீரியாவை அடிக்கும் வலு கொஞ்சம் மிச்சமிருக்கும். நல்ல ஆய்வாளர்கள் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்றும் அளப்பார்கள். அது அநேகமாக எப்போதும் முகடு காட்டும் சதவீதத்தைவிடக் குறைவாகவே இருக்கும். சுத்திகரித்த தண்ணீரை ஈ.கோலை வளரும் தட்டில் விட்டுப் பார்ப்பார்கள், கிருமி நிம்மதியாக வளர்ந்தால்தான் மருந்தின் குணம் போனது என்று அர்த்தம். எனக்கு இந்தப் பரிசோதனை பிடிக்கும், கிருமியிடமே கேட்டுவிடுகிறோம்.

காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு நிஜக் கழிவுநீருக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஹைட்ராக்சிலுக்கு ஆயுள் நானோ நொடிக் கணக்கில், பிறந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு முடிந்துவிடும். கழிவுநீரில் பைகார்பனேட் இருக்கிறது, குளோரைடு இருக்கிறது, மக்கிய கரிமப் பொருளும் கரைப்பான்களும் மில்லிகிராம் கணக்கில், சில சமயம் கிராம் கணக்கில் இருக்கின்றன. நமக்கு வேண்டிய மருந்தோ, பட்டான்செரு மாதிரி இடங்களை விட்டால், மைக்ரோகிராம் கணக்கில். பந்திக்கு முந்துகிறவர்கள் இவர்கள் எல்லாம், மருந்துக்கு இலை கிடைப்பதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடுகிறது. போதாததற்கு மருந்து ஆலைக் கழிவு டீ நிறத்தில், சில நேரம் அதைவிடக் கறுப்பாக இருக்கும். மேலே சில மில்லிமீட்டர் தாண்டி உள்ளே புற ஊதா போகாது. கீழே கலங்கும் பொடிக்கு அது அமாவாசைதான். பொடியைத் திரும்ப எடுப்பதும் ஒரு பாடு, 20, 25 நானோமீட்டர் துகளை எதைக் கொண்டு வடிகட்டுவது? கண்ணாடி மணியில் ஒட்டவைத்தால் எடுக்க வேண்டியதே இல்லை, ஆனால் மருந்தைத் தொடும் பரப்பு சுருங்கிவிடும்.

இதையெல்லாம் ஒரே எண்ணில் அடக்க ஒரு வழி உண்டு. ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரு மாசை பத்தில் ஒன்றாகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் வேண்டும் என்று கேட்பது. 2018-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு இப்படி எல்லா முறைகளையும் வரிசைப்படுத்தியது. ஓசோன் ஒரு யூனிட்டுக்குள். புற ஊதாவோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பதும் ஒரு யூனிட்டுக்குள். விளக்கு வைத்துச் செய்யும் ஒளிவினையூக்கம் 100-க்கு மேல்.

இப்போது அந்த இரண்டு எண்களை எடுங்கள். பட்டான்செருவில் நாளைக்கு சுமார் 15 லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 100 யூனிட் என்று குறைத்தே வைத்தாலும் ஒருமுறை பத்தில் ஒன்றாக்க 1.5 லட்சம் யூனிட். 31,000-ஐ 0.06-க்குக் கொண்டுவர ஏறக்குறைய ஆறு தடவை பத்தில் ஒன்றாக்க வேண்டும். ஆக நாளைக்கு ஒன்பது லட்சம் யூனிட்டை நெருங்கும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக 2016-ல் கொடுக்க ஆரம்பித்த 100 யூனிட்டை வைத்துப் பார்த்தால் 9,000 வீட்டுப் பங்கு, ஒரே நாளில் காலி. அடர்த்தி அதிகமாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் இந்தக் கணக்கைவிடவும் கூடுதலாகத்தான் ஆகும்.

பணக்கார நாடுகள் இதைப் பார்த்துவிட்டன. சுவிட்சர்லாந்து 2016-ல் சட்டம் போட்டு, தன்னுடைய 700-க்கும் மேற்பட்ட கழிவுநீர் நிலையங்களில் நூற்றுச் சொச்சத்தை மருந்து எச்சம் நீக்கும் வகையில் மேம்படுத்தி வருகிறது. அங்கே வைப்பது ஓசோன் அல்லது கிளர்வூட்டிய கரி. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த புதிய விதியில் இந்தக் கூடுதல் கட்டத்துக்கான செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனக் கம்பெனிகள் தலையில் கட்டியிருக்கிறது. அதற்குக் கம்பெனிகளின் எதிர்ப்பு பலமாக இருக்கிறது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் ஒளிவினையூக்கி வீண்தானா என்றால், விளக்கை அணைத்துவிட்டால் கதை வேறு. மின்கட்டணம்தான் இடிக்கிறது என்றால் வெயிலுக்கு மீட்டர் கிடையாது. தெற்கு ஸ்பெயினில் அல்மேரியா என்ற வறண்ட மாகாணத்தில் ஒரு சூரிய ஆராய்ச்சி மையம் பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்துபார்க்கிறது. கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் ஓடும், பின்னால் வளைந்த அலுமினியத் தகடு வெயிலைக் குழாயின் முதுகுப் பக்கமும் திருப்பி விழவைக்கும். டைட்டானியத்தோடு மட்டும் நிற்காமல் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து வெயிலில் விடும் முறையும் அங்கே நன்றாகத் தேறியிருக்கிறது. இரும்பு முறை டைட்டானியத்தைவிட வேகம், நீல வெளிச்சத்தையும் கொஞ்சம் பயன்படுத்தும். ஆனால் தண்ணீர் எலுமிச்சைச்சாறு கிட்டத்தட்ட இருக்கும் புளிப்பில் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும், பிறகு காரம் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் வெயிலுக்குக் குறைவில்லை. இடத்துக்குத்தான் குறைவு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டியூப்லைட் கணக்கில் பார்த்தால் நாளைக்கு 15 லட்சம் லிட்டருக்கு ஆலையை விடப் பெரிய வயல் வேண்டும்.

ஆகவே தண்ணீரின் அளவைக் குறைக்க வேண்டும், கலப்பதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். மருந்து படிகமாக இறங்கிய பிறகு மிஞ்சும் தாய்க்கரைசலும், பாத்திரம் கழுவிய முதல் தண்ணீரும்தான் ஆன்டிபயாடிக்கின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அளவில் அவை கொஞ்சம். அந்தக் கெட்டித் தண்ணீரைத் தனிக் குழாயில் வாங்கி ஆவியாக்கி எரித்துவிடலாம். அமாக்சிசிலின் மாதிரி மருந்தாக இருந்தால் காரத்தை ஏற்றினாலே அதன் வளையம் உடைந்துவிடும், சிப்ரோ அப்படி உடையாது. மிச்சத்தில் பாக்டீரியா தின்னக்கூடியதை அது தின்னட்டும். சிப்ரோ அங்கே பெரும்பாலும் உடைவதில்லை, சேற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது, எனவே அந்தச் சேறு உரம் என்று வயலுக்குப் போகக் கூடாது. கடைசியில் தெளிந்து, நிறமில்லாமல், மைக்ரோகிராம் கணக்கில் மருந்து மிஞ்சிய தண்ணீர் இருக்கிறதே, வெயிலையும் பொடியையும் அங்கே வைத்தால் பிழைக்கும். பந்தியில் கூட்டம் கலைந்த பிறகு பரிமாறுவது மாதிரி.

இதற்குச் சட்டம் இருந்தால் ஆலைகள் செய்யும். மருந்து ஆலைக் கழிவில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைத்து இந்திய அரசு 2020 ஜனவரியில் ஒரு வரைவு வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி விதிகள் வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கென்று முதல் வழிகாட்டுதலை 2024 செப்டம்பரில் வெளியிட்டது, அது வழிகாட்டுதல் மட்டும்தான்.

பட்டான்செருவில் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நிலையத்தின் தண்ணீர் உள்ளூர் ஓடைக்குப் போகாமல் இருக்க 18 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு ஹைதராபாத் நகரச் சாக்கடையோடு சேர்த்து, அம்பர்பேட்டில் இருக்கும் நகரக் கழிவுநீர் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மூசி ஆறு. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருந்தது நகரச் சாக்கடையில் கரைந்து மைக்ரோகிராம் ஆகிறது, அறிக்கையில் எண் சிறிதாகத் தெரியும். கிலோக் கணக்கு அப்படியேதான் இருக்கும். இப்போது அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு நகரத்தின் மொத்தச் சாக்கடைக்கும் வெளிச்சம் காட்ட வேண்டும்.